உள்ளாட்சியில் முறைகேடு: விசாரணைக்கு நிற்கும் புகாரை எழுதுவது எப்படி

உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றி வரும் புகார்களில் பல, பொய்யானவை என்பதால் தள்ளுபடியாவதில்லை. அவற்றை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எந்தக் கோப்பை எடுத்துப் பார்ப்பது என்று தெரியாததால்தான் அவை கிடப்பில் போகின்றன. "ஊழல் தலைவிரித்தாடுகிறது" என்று தொடங்கும் நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு தேதியோ, பில் எண்ணோ, வேலையின் பெயரோ இல்லையென்றால், விசாரிப்பவரால் அதற்கு மேல் ஓர் அடிகூட நகர முடியாது. குற்றத்தை நிரூபிப்பது புகார் கொடுப்பவரின் வேலை அல்ல. அதற்கு அதிகாரமும் ஆவணங்களைக் கைப்பற்றும் உரிமையும் உள்ளவர்கள் வேறு. அவர்கள் இழுத்துப் பார்க்கக்கூடிய ஒரு நூல்முனையைக் கையில் கொடுப்பதே உங்கள் வேலை. கீழே சொல்லப்படும் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

முதலில், நீங்கள் கண்டது எந்த வகை என்று உங்களுக்குள் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். போடாத சாலைக்குப் பில் போடுவது, வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எடுப்பது, ஒப்பந்தம் தருவதற்குக் கமிஷன் வாங்குவது ஆகியவை மோசடி. அவற்றில் ஏமாற்றும் நோக்கமும் ஒருவருக்கான ஆதாயமும் இருக்கும். வாங்கிய இயந்திரம் உறை பிரிக்கப்படாமல் கிடங்கில் துருப்பிடிப்பது, நன்றாக இருக்கும் நடைபாதையைப் பெயர்த்து மீண்டும் போடுவது போன்றவை விரயம். இதில் யாரும் ஒரு காசுகூட எடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை, கவனக்குறைவே போதும். அலுவலக வாகனத்தைச் சொந்த வேலைக்கு ஓட்டுவதும், உறவினருக்கு விதியை மீறிப் பணி வழங்குவதும் நடத்தை விதிமீறல்கள். இந்தப் பிரிவினையை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிட வேண்டாம், புகார் எங்கே போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மோசடி, காவல்துறைக்கோ ஊழல் தடுப்பு அமைப்புக்கோ உரியது. விரயம், தணிக்கையாளருக்கும் மன்றத்துக்கும் உரியது. நடத்தை விதிமீறல், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் மேலதிகாரிக்கு உரியது. வெறும் விரயத்தைத் "திருட்டு" என்று எழுதி ஊழல் தடுப்பு அமைப்புக்கு அனுப்பினால், திருட்டு நடக்கவில்லை என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். விரயம் அப்படியே தொடரும்.

ஒரு சின்னத் தகவலால் எவ்வளவு பெரிய மோசடி வெளிப்படும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள டிக்சன் நகரத்தின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய 16,000 பேர் வாழும் அந்த ஊரின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த ரீட்டா கிரண்ட்வெல், 1990இல் நகரத்தின் பெயரில் ஒரு ரகசிய வங்கிக் கணக்கைத் தொடங்கி, இரண்டு பத்தாண்டுகளில் 5 கோடியே 37 லட்சம் டாலரை அதன் வழியாக எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் குதிரை வளர்ப்பிலும் ஆடம்பரத்திலும் கரைந்தது. ஆண்டுதோறும் தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது; மாநில அரசு அனுப்பியது போன்ற போலிப் பில்களைக் காட்டி அவர் தணிக்கையாளர்களைக் கடந்துபோனார். 2011இல் அவர் நீண்ட விடுப்பில் சென்றபோது, அவருடைய வேலையைப் பொறுப்பில் பார்த்த ஊழியர், எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் அனுப்பும்படி வங்கியிடம் கேட்டார். வந்தவற்றுள் அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு கணக்கு இருந்தது. அந்த ஊழியர் அதை அலுவலகத்தில் யாரிடமும் பேசவில்லை, நேராக மேயரிடம் கொண்டுபோனார். மேயர் எஃப்.பி.ஐ.யிடம் கொண்டுபோனார். அதன் பிறகு சுமார் 6 மாதங்கள், எதுவும் தெரியாதது போலக் குற்றவாளியுடன் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தார்கள். 2012 ஏப்ரலில் கைது நடந்தது. அடுத்த ஆண்டு 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஊழியர் மோசடியை நிரூபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். புரியாத ஒரு தாளைச் சரியான ஒருவரிடம் கொடுத்தார், பிறகு வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டில் இரண்டாவதுதான் கடினம் என்பது என் எண்ணம்.

இது அபூர்வமான நிகழ்வு அல்ல. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையின்படி, பணியிட மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ ஒருவர் கொடுத்த தகவலால்தான் வெளிப்பட்டன. தகவல் தந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உள்ளே வேலை செய்பவர்கள்.

உள்ளே வேலை செய்யாதவர்களும் பார்க்கக்கூடிய ஆவணங்கள் நிறைய இருக்கின்றன: மன்றக் கூட்டத் தீர்மானங்கள், வரவு செலவுத் திட்டம், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள், தணிக்கை அறிக்கைகள். அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை 1766இலேயே சுவீடன் சட்டமாக்கியது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும், இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதே உரிமையைத் தருகின்றன. விண்ணப்பிக்கும்போது "ஊழல் விவரங்களைத் தரவும்" என்று கேட்காதீர்கள். குறிப்பிட்ட வேலையின் மதிப்பீடு, அளவைப் புத்தகப் பக்கம் (முடித்த வேலையின் அளவுகளைப் பதிவு செய்யும் ஏடு அது), பணம் வழங்கிய ஆணை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் பெல் என்ற சிறு நகரத்தின் நிர்வாகி ஆண்டுக்கு 8 லட்சம் டாலரை நெருங்கும் ஊதியம் பெற்றுவந்தது 2010இல் ஒரு நாளிதழின் மூலம் அம்பலமானது. அவர் மீது பிறகு தொடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகளுள் பொது ஆவணத்தைப் பொய்யாகத் தயாரித்ததும் ஒன்று.

கையில் உள்ள தாள்களில் எதைப் பார்ப்பது? ஒரே நிறுவனத்தின் பில்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஜனவரிப் பில்லின் எண் 41, பிப்ரவரிப் பில்லின் எண் 42, மார்ச்சில் 43 என்றால், அந்த நிறுவனத்துக்கு இந்த அலுவலகத்தைத் தவிர உலகத்தில் வேறு வாடிக்கையாளரே இல்லை என்று பொருள். அது உண்மையில் இயங்கும் நிறுவனம்தானா என்று கேட்க அதுவே போதும். மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் விலைப்புள்ளிகளில் ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருந்தால், மூன்றையும் தட்டச்சு செய்தது ஒரே கை. ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் தொகைகள் ஒரே வாரத்தில் நான்கைந்து வந்தால், ஒரு பெரிய கொள்முதல் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். நிதியாண்டின் கடைசி இரு வாரங்களில் திடீரென்று குவியும் பில்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இவை ஒவ்வொன்றுக்கும் நேர்மையான விளக்கமும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். இவற்றைக் கேள்வியாக எழுத வேண்டுமே தவிர, தீர்ப்பாக எழுதக் கூடாது.

சேகரிக்கும்போது செய்யக் கூடாதவையும் உண்டு. உங்கள் பணிக்குத் தொடர்பில்லாத கோப்பறைக்குள் நுழைவது, பிறருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது, மூல ஆவணத்தையே வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஆகிய மூன்றும் புகார் செய்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். உரையாடலை ரகசியமாகப் பதிவு செய்வது சில நாடுகளில் சட்டப்படி செல்லும், சில நாடுகளில் குற்றம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகத்துக்குரியவரிடமே போய் "இது என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்ட மறுநாள் அந்தக் கோப்பு அங்கே இருக்காது.

எழுதுவதற்கு வருவோம். இரண்டு பத்திகளை ஒப்பிட்டுப் பாருங்கள். "7ஆவது வார்டில் வடிகால் கட்டியதில் மாபெரும் கொள்ளை நடந்துள்ளது, பொறியாளரும் ஒப்பந்ததாரரும் கூட்டுக் களவாணிகள்" என்பது ஒன்று. மற்றொன்று இது: "7ஆவது வார்டு பள்ளித் தெருவின் கிழக்குப் பக்கத்தில் கட்டிய மழைநீர் வடிகாலின் நீளம் 120 மீட்டர் என்று அளவைப் புத்தகத்தின் 34ஆம் பக்கத்தில் பதிவாகியுள்ளது. முழு நீளத்துக்கான பில் பிப்ரவரி 20ஆம் தேதி வழங்கப்பட்டுவிட்டது. மார்ச் 9ஆம் தேதி காலை நானும் அதே தெருவில் குடியிருக்கும் இருவரும் நாடா பிடித்து அளந்தபோது, வடிகால் 74 மீட்டரில் முடிந்திருந்தது. அளவைப் புத்தகப் பக்கத்தின் நகலும் 5 புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன." இரண்டாவது பத்தியில் ஒரு வசைச்சொல் இல்லை, யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி நாடாவை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று எழுதியாவது வைக்க வேண்டும். காணாமல் போன 46 மீட்டர் தனக்காகத் தானே பேசிக்கொள்ளும்.

நீங்கள் நேரில் கண்டது, ஆவணத்தில் படித்தது, பிறர் சொல்லக் கேட்டது, நீங்களாக ஊகிப்பது ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லவே கூடாது என்பதில்லை, கேள்விப்பட்டது என்று சொல்லிவிட்டால் போதும். புகாரை இரண்டு பக்கங்களுக்குள் நிறுத்துங்கள். பழைய பகை, கட்சி அரசியல், அந்த அதிகாரியின் குடும்ப விவகாரம் ஆகியவை உள்ளே நுழைந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அந்த வரிகளைத்தான் வாசித்துக் காட்டுவார். பத்து முறைகேடுகள் தெரிந்திருந்தாலும் ஆதாரம் வலுவாக உள்ள இரண்டை மட்டும் எழுதுவது நல்லது. நலிந்த எட்டு, வலுவான இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

யாரிடம் கொடுப்பது என்பதற்கு ஒரே விதிதான்: அந்தப் பில்லில் கையெழுத்திட்டவரோ அவருடைய நேர் மேலதிகாரியோ புகாரைக் கையாளும் நிலை இருக்கக் கூடாது. உள் தணிக்கைப் பிரிவு, புறத் தணிக்கையாளர், குறைதீர்ப்பாளர், ஊழல் தடுப்பு அமைப்பு, காவல்துறை என்று வெளியே விரியும் வட்டங்களில், முறைகேடு எட்டியிருக்கும் உயரத்துக்கு அப்பால் உள்ள வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே புகாரைப் பதினைந்து அலுவலகங்களுக்கு நகல் போட்டு அனுப்புவது எனக்கு உவப்பான வழி அல்ல. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள், செய்தியும் கசிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சட்டப் பாதுகாப்பு, நீங்கள் சொல்லும் விஷயத்தை மட்டும் பொறுத்ததல்ல, சொல்லும் இடத்தையும் பொறுத்தது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்புகளிடம் தரும் தகவலுக்கு மட்டுமே பாதுகாப்புத் தருகிறது. சமூக ஊடகத்தில் கொட்டியதற்குத் தராது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்களுக்கானது, சாதாரணக் குடியிருப்பாளருக்கு அது கேடயமாகாது. இந்தியாவில் 2014இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே, அனுப்புவதற்கு முன் உங்கள் நாட்டில் எந்தச் சட்டம், யாருக்கு, எந்த வழியில் சொன்னால் பொருந்துகிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

பெயரைச் சொல்வதா, மொட்டைக் கடிதம் போடுவதா என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. பெயர் இல்லாத புகாரைப் பல அமைப்புகள் விதிப்படியே எடுப்பதில்லை. எடுப்பவையும் சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல் தடுமாறும். பெயரை விசாரணை அமைப்பிடம் மட்டும் சொல்லி, அதை வெளியிடக் கூடாது என்று எழுத்தில் கேட்பது இடைப்பட்ட வழி. முடிந்தவரை அதையே நான் பரிந்துரைப்பேன். மொட்டைக் கடிதம்தான் வழி என்றால், அலுவலகக் கணினியையும் அலுவலக அச்சுப்பொறியையும் தொடவே வேண்டாம். பல வண்ண லேசர் அச்சுப்பொறிகள், கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தம் அடையாளத்தைத் தாளில் பதித்துவிடுகின்றன. கைப்பேசிப் படங்களுக்குள் எடுத்த நேரமும் இடமும் ஒளிந்திருக்கும். எந்தக் கருவியையும்விட எளிதாகக் காட்டிக்கொடுப்பது உள்ளடக்கம்தான். மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை எழுதிவிட்டால், பெயரை மறைத்தும் பயனில்லை.

கொடுத்த பிறகு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் தருவோர் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, ஒப்புகைக்கு 7 நாட்களும் நடவடிக்கை விவரம் தெரிவிக்க 3 மாதங்களும் கெடு வைக்கிறது. உங்கள் ஊரில் கெடு எதுவும் இல்லையென்றால் இதையே உங்களுக்கான அளவுகோலாக வைத்துக்கொண்டு, அந்தந்த நாளில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம். கோப்பு மூடப்பட்டதாகச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் தேவைப்படும். நீங்கள் ஊழியராக இருந்தால், புகாருக்கு முந்தைய பணி மதிப்பீடுகளின் நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று முதல் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். இடமாற்றம், திடீர் விளக்கக் கேட்பு, பறிக்கப்பட்ட பொறுப்பு என்று நடப்பவற்றைத் தேதியும் நேரமும் போட்டு அன்றன்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதற்கு அந்த மதிப்பு இருக்காது.

சில நேரங்களில் நாமே தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் தெரியவரும். அந்த வடிகாலின் மீதி 46 மீட்டர் அடுத்த தெருவில் மண்ணுக்கடியில் குழாயாகப் போயிருக்கலாம். அப்படித் தெரிந்தால், காத்திருக்காமல் அதே அமைப்புக்கு அதே கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, எந்த வரி தவறு, எப்போது எப்படி அதை அறிந்தீர்கள் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். அதற்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.