புவி விஞ்ஞான இன்டர்ன்ஷிப்: திருகோணமலையிலிருந்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

இன்டர்ன்ஷிப்புக்கு, அதாவது சில மாத ஆய்வுப் பயிற்சிக்கு, நான் முதன்முதலில் அனுப்பிய விண்ணப்பம் "சின்ன வயதிலிருந்தே எனக்குப் பூமியின் மீது அளவில்லாத ஆர்வம்" என்று தொடங்கியது. பதில் வரவில்லை, "மன்னிக்கவும்" என்று ஒரு வரிகூட வரவில்லை. இரண்டாவது தடவை, எனக்குத் தகுதியே இல்லாத ஓர் இடத்துக்கு இரண்டு கிழமை மினக்கெட்டு எழுதி அனுப்பினேன். மூன்றாவதுதான் சரிவந்தது. கம்பஸில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரும், படிப்பை முடித்துப் பிரதேச செயலகத்திலோ தனியார் கம்பனியிலோ சேர்ந்து ஒன்றிரண்டு வருடமானவர்களும் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், ஆளுக்கொரு தடவை வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தகுதிப் பகுதியை வாசியுங்கள். அறிவிப்பின் மேலே இருக்கிற அழகான படங்களை அல்ல, கீழே சின்ன எழுத்தில் "யார் விண்ணப்பிக்கலாம்" என்று இருப்பதை. நாசாவின் பெரும்பாலான இன்டர்ன்ஷிப்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தேசிய விஞ்ஞான நிதியத்தின் பணத்தில் நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டங்களும் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும்தான். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் அதன் உறுப்பு நாடுகளையும் அதோடு ஒப்பந்தம் உள்ள சில நாடுகளையும்தான் பார்க்கும். நான் இரண்டு கிழமை வீணாக்கியது இந்த மாதிரி ஓர் இடத்தில்தான்.

எங்களுக்குத் திறந்திருக்கிற கதவுகளும் உண்டு. சவுதியில் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம், இரண்டும் எந்த நாட்டு மாணவரையும் சில மாத ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கின்றன, விமான டிக்கெட், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அவர்கள் பாடு. முதலாவதில் புவி விஞ்ஞானம், கடல் விஞ்ஞானம் இரண்டும் உண்டு, ஒகினாவாவில் கடல் பக்கம் பலம். வெளிநாடுதான் என்றும் இல்லை. பத்தரமுல்லையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது, அங்கே செய்மதிப் படங்களை வைத்து வெள்ளத்தையும் வரட்சியையும் ஆராய்கிறார்கள். நில அதிர்வு, கனிமம் என்றால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். மண்சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கடல் என்றால் நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வளங்கள் ஆராய்ச்சி நிறுவனம். எங்கள் மாவட்டத்திலேயே புல்மோட்டையில் இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் பிரிக்கிற அரச கனிய மணல் நிறுவனம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ எங்கள் பிள்ளைகளுக்கு அது கண்ணில் படுவதில்லை. இந்த உள்ளூர் இடங்களுக்கு அறிவிப்பு வரும் என்று காத்திருக்காமல், துறைத் தலைவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீங்களே எழுதிக் கேளுங்கள். இங்கே செய்த மூன்று மாதம் அடுத்த வருடம் வெளியே போடுகிற விண்ணப்பத்தில் பெரிதாக நிற்கும்.

இனி முக்கியமான விசயம். ஜிபிஏயை இப்போது மாற்ற முடியாது, பல்கலைக்கழகத்தின் பெயரையும் மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான், நீங்களே செய்த ஒரு சின்ன வேலை. அதை உங்கள் ஊரை வைத்துச் செய்யுங்கள். பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கிறவரும், மொறட்டுவையில் புவி வளப் பொறியியல் படிக்கிறவரும், கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறவரும் இதில் சமம்தான். திருமலையில் விசயத்துக்கா பஞ்சம்? மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா, அதற்கு வெளியே கரையிலிருந்தே ஆழமாக இறங்குகிற கடலடிப் பள்ளத்தாக்கு, நிலாவெளிக்கு முன்னால் புறாத் தீவின் பவளப்பாறை, 1986 ஏப்ரலில் உடைத்துக்கொண்டு போன கந்தளாய்க் குளக்கட்டு. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. இராவணன் தாய்க்குக் கருமம் செய்யக் குத்தியதால் வந்தது என்பது அம்மம்மா சொன்ன கதை, எரிமலை என்பது ரியூசன் வாத்தியார் சொன்ன கதை. இலங்கையில் எரிமலை கிடையாது, நிலத்தடியில் ஆழத்துக்கு இறங்கிய தண்ணீர் அங்கே சூடேறி வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது. கோயில் நிர்வாகத்திடமும் தொல்லியல் திணைக்களத்திடமும் அனுமதி கேட்டு, ஒரு வெப்பமானியோடு மாதம் ஒரு தடவை போய் ஏழையும் அளந்து எழுதினாலே அது உங்களுடைய சொந்தத் தரவு.

நான் செய்தது வெள்ளம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் எங்களுக்கு வடக்கே கரை ஏறியது ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த செய்மதிப் படங்களை இறக்கினேன், இலவசம்தான், ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் தளத்தில் ஒரு கணக்குத் திறந்தால் போதும். முதலில் சென்டினல்-2 என்ற செய்மதியின் படத்தை எடுத்தேன். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர், நல்ல படம், ஆனால் எங்களுக்கு மாரி காலத்தில் படம் முழுக்க முகில். கிண்ணியா எங்கே, மூதூர் எங்கே என்றே தெரியவில்லை. பிறகுதான் ஒரு சேர் சொல்லி சென்டினல்-1க்குப் போனேன். அது ராடார், முகிலைத் தாண்டிப் பார்க்கும், தேங்கி நிற்கிற தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுக் கறுப்பையெல்லாம் வெள்ளம் என்று நிறம் தீட்டிவிட்டுச் சந்தோசமாக இருந்தேன். மாமாவிடம் காட்டினேன், அவருக்குத் தம்பலகாமத்தில் வயல். பார்த்துவிட்டு, "இது வெள்ளமில்லையடா, பெரும்போகத்துக்கு நாங்கள் கட்டி வைத்த தண்ணி" என்றார். புயலுக்கு முந்திய படத்தைப் பார்த்தால் அதே இடம் அப்போதும் கறுப்புத்தான்! இரண்டு படத்தையும் கழித்துப் பார்த்து, புதிதாகக் கறுத்ததை மட்டும் எடுத்தபோது நான் முதலில் வரைந்த வெள்ளத்தில் பெரும் பங்கு காணாமல் போனது.

அந்தப் பிழையைத்தான் நான் விண்ணப்பத்தில் எழுதினேன். படம் இறக்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், தம்பலகாமத்து வயலில் நவம்பரில் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நோக்கக் கடிதத்தை அதனால் இப்படித் தொடங்கலாம்: "2020இல் புரெவி புயலுக்குப் பிறகு கிண்ணியா, தம்பலகாமம் பகுதிகளில் நீர் நின்ற இடங்களை ராடார் படங்களை வைத்து வரைந்தேன். வயலில் கட்டியிருந்த நீரையும் என் முறை வெள்ளமாகக் கணக்கிட்டது. முந்திய படத்தோடு ஒப்பிட்டு அதை ஓரளவு திருத்தினேன். மரங்களுக்குக் கீழே நிற்கிற நீரை இன்னும் பிடிக்க முடியவில்லை, உங்கள் குழு அதில் வேலை செய்வதால் விண்ணப்பிக்கிறேன்." இதில் என்ன செய்தேன், எங்கே பிழைத்தது, ஏன் உங்களிடம் வருகிறேன் மூன்றும் வந்துவிட்டன. மிச்சத்துக்கு ஒரு பக்கம் போதும். கடைசிக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும், அந்தக் குழுவின் ஒரு கட்டுரையையாவது வாசித்திருக்க வேண்டும். ஆங்கிலம்தான் பயம் என்றால் முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். சட்ஜிபிடியிடம் இலக்கணம் திருத்தக் கொடுக்கலாம், முழுக்கடிதத்தையும் அதனிடம் எழுதக் கொடுத்தால் நீங்களும் இன்னும் நூறு பேரும் ஒரே கடிதத்தை அனுப்புவீர்கள், அதுவும் "அளவில்லாத ஆர்வத்தோடு" தொடங்கும்.

சீவி இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பனார் பெயர், ஓ.எல் பெறுபேறு எல்லாம் எங்களூர் வழக்கம், வெளிநாட்டுக்கு அனுப்புவதில் தேவையில்லை. நீங்கள் செய்த வரைபடத்துக்கும் எழுதிய கணினி நிரலுக்கும் ஓர் இணைப்பு இருந்தால் போதும். ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் செய்யும் முறை) "ஓரளவு தெரியும்" என்று எழுதாமல் அதில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நாசாவின் ஆர்செட் என்று இலவச ஒன்லைன் பயிற்சிகள் இருக்கின்றன, செய்மதித் தரவுகளைக் கையாளச் சொல்லித்தருவார்கள், சான்றிதழும் கிடைக்கும். எதையும் தொடாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பரிந்துரைக் கடிதம் வாங்குவதில் எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். பெரிய பேராசிரியரின் இரண்டு வரிக் கடிதத்தைவிட உங்களைக் களத்தில் பார்த்த ஒரு விரிவுரையாளரின் அரைப்பக்கம் மேல். குறைந்தது மூன்று கிழமைக்கு முன் கேளுங்கள், கேட்கும்போதே சீவி, நோக்கக் கடிதம், முடிவுத் திகதி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். "சேர், ஞாபகப்படுத்துகிறேன், மன்னிக்கவும்" என்று ஒரு கிழமைக்கு முன் எழுதுவது மரியாதைக் குறைவு இல்லை. வேலைக்குப் போய்விட்டவர்கள் ஒரு கடிதம் விரிவுரையாளரிடமும் மற்றது அலுவலக மேலதிகாரியிடமும் வாங்கலாம். நீர்ப்பாசனத்திலோ அனர்த்த முகாமைத்துவத்திலோ இருந்து களத்துக்குப் போய் வந்த அனுபவம் பாடநெறிப் புள்ளியைவிடப் பெரிது, அதை ஒரு வரியில் ஒளித்துவைக்காதீர்கள். அரச உத்தியோகத்தர் என்றால் வெளிநாட்டு லீவு அனுமதிக்கு நாள் எடுக்கும், தெரிவானபிறகு ஓடலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது பல்கலைக்கழகம் தருகிற பாடப் பெறுபேற்று அறிக்கைக்கு, இன்றே விண்ணப்பியுங்கள். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது, ஒரு கையெழுத்துக்காக இரண்டு தடவை பஸ் ஏறினேன்.

முடிவு நேரம் இன்னொரு பொறி. அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11.59 என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலை 9.29, அவர்களின் குளிர்காலத்தில் 10.29. உலகப் பொது நேரம் என்றால் விடிய 5.29. கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டு அதற்கு இரண்டு நாள் முன்னமே அனுப்புங்கள், கரண்டும் சிக்னலும் எந்த நேரம் போகும் என்று யாருக்குத் தெரியும். யாராவது "பதிவுக் கட்டணம்" என்று டொலர் கேட்டால் நிறுத்திவிட்டு நாலு பேரிடம் விசாரியுங்கள். ஆள் எடுத்துக் காசு கொடுக்கிற இடம் உங்களிடம் காசு கேட்பது அபூர்வம்.

நேர்காணல் பெரும்பாலும் சூமில், அரை மணித்தியாலம். எனக்கு வந்த முதல் கேள்வியே, "அது வயல் தண்ணீர் என்று உனக்கு எப்படித் தெரியும்?" மாமாவைப் பற்றிச் சொன்னேன். கேள்வி கேட்டவர் சிரித்தார், பிறகு கந்தளாய்க் குளத்திலிருந்து வாய்க்காலில் எந்த மாதம் தண்ணீர் விடுவார்கள், விதைத்து எத்தனை நாளில் பயிர் தண்ணீரை மறைக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன், அடுத்த நாள் மாமாவிடம் கேட்டு மின்னஞ்சலும் போட்டேன்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முடிவு வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் இப்போதே வவுனியா அலுவலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள்.