ஆன்லைனில் படத்தின் அளவைக் குறைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படங்களின் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தார். பிரவுசரில் ஒரு கருவியைத் திறக்கிறார், படத்தைப் போடுகிறார், அகலம் 800 என்று அடிக்கிறார், டவுன்லோட் செய்கிறார். அப்புறம், முதலில் இருந்த பெரிய படத்தை அழிக்கிறார். ஏன் என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே படம்தானே அக்கா, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்றார்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதனால் போன ஒரு படம் இன்னும் மனசை அறுக்கிறது.

விகிதத்தைப் பார்க்காமல் முகத்தைச் சப்பையாக்குவது, ஓரத்தில் நிற்பவரின் கையை வெட்டிவிடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பார்த்த உடனே தெரிந்துவிடும், அப்போதே திருத்திக்கொள்ளலாம். பார்த்தால் தெரியாத தவறுகள்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை அழிப்பது

ஜன்னலோரம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பாட்டி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஃபோனில் ஒரு படம் எடுத்தேன். 4000-க்கு 3000 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தால் நூலின் நுனி பிரிந்திருப்பது தெரியும். பாட்டியின் மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் கம்பி வளைந்து தெரியும். உறவினர்களுக்கு அனுப்புவதற்காக ஆன்லைன் கருவி ஒன்றில் 800-க்கு 600 ஆக்கினேன். சில மாதம் கழித்து ஃபோனில் இடம் தீர்ந்தது. கேலரியில் ஒரே படம் இரண்டு இருந்தது. இரண்டையும் திறந்து பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கனமானதை அழித்தேன்.

வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் படம் அல்ல, திரை. என் ஃபோன் திரையின் அகலம் 1080 பிக்சல். அதற்கு மேல் படத்தில் எவ்வளவு இருந்தாலும் முழுப் படத்தைப் பார்க்கும்போது காட்ட அங்கே இடமில்லை. 4000 பிக்சல் படத்தையும் அது 1080-க்குள் சுருக்கித்தான் காட்டும். உள்ளங்கை அளவுத் திரையில் 800-க்கும் 4000-க்கும் வேறுபாடு கண்ணுக்கு எட்டாது.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. 4000-ஐ 3000-ஆல் பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 800-ஐ 600-ஆல் பெருக்கினால் 4 லட்சத்து 80 ஆயிரம். அதாவது 25 புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அந்த நூல் அசல் படத்தில் இரண்டு புள்ளி கனம் இருந்திருக்கும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தைக் கலந்து ஒரே புள்ளியாக்கும்போது வெள்ளை நூலும் பின்னாலிருந்த கருநீலத் துணியும் சேர்ந்து ஒரு மங்கல் நிறமாகிவிட்டன. என்னிடம் இப்போது இருக்கும் படத்தில் பாட்டி இரண்டு கைகளையும் கண்ணருகே தூக்கிப் பிடித்திருக்கிறார். நடுவில் எதுவும் இல்லை.

இது தெரிந்தது, படத்தை 16 அங்குல அகலத்தில் அச்சடிக்க நினைத்தபோதுதான். 800-ஐ 16-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு 300 நல்லது, 200 இருந்தால் சமாளிக்கலாம். 50-ல் முகம் கட்டம் கட்டமாக வரும். அழித்த படம் இருந்திருந்தால் 250 கிடைத்திருக்கும், தாராளமாகப் போதும். கணக்கு இவ்வளவுதான். அன்று போட்டுப் பார்க்கவில்லை.

ஏஐ வைத்துப் பெரிதாக்கும் கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இரண்டு மூன்றில் முயன்றேன். படம் கூர்மையாக வந்தது, ஆனால் அது பாட்டி இல்லை. கன்னத்துச் சுருக்கங்கள் வழவழவென்று ஆகிவிட்டன, கண்ணின் ஓரம் வேறு மாதிரி வளைந்தது. இல்லாத தகவலை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. இப்படி இருக்கலாம் என்று ஊகித்து நிரப்பத்தான் முடியும். நமக்குப் பழக்கமில்லாத முகம் என்றால் ஊகம் போதும். தெரிந்த முகத்தில் அது பொய்யாகத்தான் தெரிகிறது. கடைசியில் 4 அங்குல அகலத்தில் அச்சடித்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இதில் கருவியின் மேல் குற்றமில்லை. பிரவுசரில் இயங்கும் கருவி பொதுவாக உங்கள் அசலைத் தொடுவதே இல்லை, சின்ன படத்தைத் தனியாகத்தான் இறக்கித் தரும். அசலை ஒழிப்பது நம் கைதான். ஒன்று, தேவையில்லை என்று அழிப்போம். இல்லையென்றால் அதே பெயரில் சேமித்து, 'மாற்றவா?' என்று கேட்டதும் சரி என்று அழுத்திவிடுவோம். அதனால் படத்தைக் கருவியில் போடும் முன்பே 'அசல்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் எதையும் திருத்தாதீர்கள். குறைத்த படத்தின் பெயரிலேயே அகலத்தைச் சேர்த்துவிடுங்கள்: 'பாட்டி-800' என்பது போல. நாளைக்கு 1200 வேண்டும் என்றால் 800-ஐப் பெரிதாக்காதீர்கள், அசலுக்குப் போய் அங்கிருந்து 1200 செய்யுங்கள்.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக வந்தது அசல் இல்லை. அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அனுப்புபவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் உள்ளபடியே வரும்.

தம்பி அழித்தவை நல்லவேளையாக ரீசைக்கிள் பின்னில் கிடந்தன. ஒவ்வொன்றாக மீட்டு எடுத்தோம்.

கேபியைக் குறைக்கச் சொன்னால் பிக்சலைக் குறைப்பது

'100 கேபிக்குள் இருக்க வேண்டும்' என்று ஒரு விண்ணப்பம் கேட்கும். உடனே அகலத்தை 1000, 600, 300 என்று இறக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் கேபி சரியாக இருக்கும், முகம் தபால்தலை அளவில் இருக்கும். பிக்சல் என்பது படத்தின் நீள அகலம், கேபி என்பது கோப்பின் எடை. எடையைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் 'குவாலிட்டி' என்ற ஸ்லைடர். ஜேபெக் (.jpg) வகைப் படத்தில் அதை 100-லிருந்து 80-க்கு இறக்கினால் எடை பாதிக்கும் கீழே போவது சாதாரணம், கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. முதலில் கேட்ட பிக்சல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ஸ்லைடரைத் தொடுங்கள்.

ஒரே ஜேபெக்கை நான்கு கருவிகளில் சுற்றவிடுவது

ஒரு தளத்தில் வெட்டுவது, இன்னொன்றில் வெளிச்சம் கூட்டுவது, மூன்றாவதில் அளவைக் குறைப்பது, நான்காவதில் கம்ப்ரஸ் செய்வது. ஒவ்வொரு முறையும் படம் ஜேபெக்காகச் சேமிக்கப்படுகிறது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் கவனிக்காது என்று நினைக்கும் நுட்பங்களைக் கழித்துவிடும். ஒருமுறை கழித்தால் தெரியாது. ஆனால் நடுவில் படத்தை வெட்டியிருந்தால் கட்டங்கள் வேறு இடத்தில் விழும், கழித்த படத்திலிருந்தே மறுபடி புதிதாகக் கழிக்கும். நான்காவது சுற்றில் வானத்தைப் பாருங்கள்: திட்டுத் திட்டாக இருக்கும். தலைமுடியின் ஓரத்தில் கொசு மொய்ப்பது போல் ஒரு கலங்கல் தெரியும். எல்லாத் திருத்தத்தையும் ஒரே கருவியில் முடித்து ஒரே முறை சேமியுங்கள். முடியாதென்றால் நடுவில் பிஎன்ஜியாகச் சேமித்து, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். பிஎன்ஜி எதையும் கழிக்காது.

72 டிபிஐயை 300 என்று மாற்றுவது

டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். 600 பிக்சல் படம் 300 டிபிஐ என்று எழுதிய பிறகும் 600 பிக்சல்தான். உள்ளே இருக்கும் ஒரு எண் மாறியிருக்கிறது, அவ்வளவே. அச்சுக்கு வேண்டியதைப் பிக்சலில் கணக்குப் போடுங்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படம் 300 டிபிஐயில் 413-க்கு 531 பிக்சல்.

எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக் ஆக்குவது

வேண்டாம். பிஎன்ஜி.

முதலில் ஷார்ப்பன், பிறகு ரீசைஸ்

வரிசையை மாற்றுங்கள்: முதலில் அளவைக் குறைத்து, அப்புறம் கூர்மையாக்குங்கள்.

மங்கலாக்கி மறைப்பது

அடையாள எண்ணை 'பிளர்' செய்து அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. எண்கள் பத்துதான். ஒவ்வொன்றையும் அதே மாதிரி மங்கலாக்கி ஒப்பிட்டு, எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. கறுப்பு மார்க்கரும் பல கருவிகளில் முழுக்க மறைப்பதில்லை, வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருக்கும் எழுத்து எட்டிப் பார்க்கும். ஒளி புகாத கறுப்புப் பெட்டி ஒன்றை மேலே போட்டு, பிஎன்ஜி அல்லது ஜேபெக்காகப் புதுக் கோப்பில் சேமியுங்கள். வெட்டுவதைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கூகுள் பிக்சல் ஃபோன்களில் ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்த உதவும் மார்க்கப் கருவியில் இருந்த ஒரு பிழை 2023-ல் வெளியே வந்தது. வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் கோப்பிலேயே பழைய படத்தின் தரவு வால்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து, வெட்டிப்போட்ட பகுதியில் கொஞ்சத்தை மீட்க முடிந்தது.

எந்தப் படத்தையும் எந்தத் தளத்திலும் பதிவேற்றுவது

பூவையோ மலையையோ எங்கே வேண்டுமானாலும் பதிவேற்றுங்கள். அடையாள அட்டை, குழந்தையின் முகம், மருத்துவ அறிக்கை என்றால் நிறுத்தி யோசியுங்கள். ஃபோன் படத்துக்குள் எடுத்த நேரம் இருக்கும். லொகேஷனை அணைக்காமல் எடுத்திருந்தால் எடுத்த இடமும் இருக்கும். அளவைக் குறைக்கும்போது சில கருவிகள் அதை நீக்கும், சில அப்படியே விட்டுவிடும்.

படத்தை வெளியே அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே வேலையை முடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஸ்குவூஷ், ஃபோட்டோபியா இரண்டும் அப்படித்தான். வேறு ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பக்கம் முழுதாகத் திறந்த பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். முக்கியமில்லாத படம் ஒன்றைப் போட்டு அளவைக் குறைத்துப் பாருங்கள். வேலை நடந்தால் படம் உங்களிடமேதான் இருக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால் அது பெரும்பாலும் வேறு யாருடைய சர்வருக்கோ போகக் காத்திருக்கிறது.