விடிகாலை வயிற்றுவலி, சரியும் இமை: கட்டுவிரியன் கடியைக் கண்டுபிடிப்பது

மேலூர், உசிலம்பட்டி பக்கம் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள். கூட வந்தவரிடம் முதல் கேள்வி: “ராத்திரி எங்கப்பா படுத்திருந்தாரு?” கடித்தடம் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். கட்டுவிரியன் பல் சிறியது. பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது.

இமையைப் பாருங்கள். தலையை அசைக்காமல், உயர்த்திய உங்கள் விரலையே ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இமை தானாகச் சரிந்தால் விஷம் ஏறுகிறது. எச்சில் விழுங்க முடிகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறாரா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று கால் மணிக்கொரு முறை குறியுங்கள். எண்ணிக்கை இறங்கினால் வென்டிலேட்டர் தயாராகட்டும்.

பலர் ஏமாறுவது ரத்த உறைவுச் சோதனையில். 2 மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால் உறைந்துவிடும். கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பை. அதனால் ரத்தம் உறைந்தது, விஷம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கம் இழுக்கும். கட்டுவிரியன் விஷத்தின் தளர்ச்சி இரண்டு கண்ணிலும் தொடங்கிக் கீழே இறங்கும். கில்லன் பாரே என்ற நரம்பு நோயின் தளர்ச்சி வழக்கமாகக் காலிலிருந்து ஏறும். கண்மணி விரிந்து அசையாமல் நின்றாலும் மூளைச்சாவு என்று முடிவு கட்டாதீர்கள், அவர் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருக்கலாம்.

விஷமுறிவு மருந்து 10 குப்பி, சலைனில், ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடியுங்கள். குழந்தைக்கும் அதே அளவு. அந்த மருந்து ஒவ்வாமல் போனால் கொடுக்க, அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றியே இருக்கட்டும்.