குவேசார் படமும் வான நிலையும்: சேலத்து மேசையில் செய்து பார்க்க

சேலம் பக்கம் நில அளவைக்கு வரும் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) கருவி காட்டும் ஒவ்வொரு ஆயத்தொலைவுக்கும் பின்னால், பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் குவேசார்களின் (ரேடியோ அலை வீசும் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின்) பட்டியல் ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோளின் பாதையைக் கணிக்க மாறாத திசைகள் வேண்டும். பூமி இந்த நேரத்தில் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதைக் குவேசார்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். செயற்கைக்கோள் அளவீடு மட்டும் அதற்குப் போதாது. சேர்வராயன் மலைப் பாறை இந்தியத் தட்டோடு சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்வதை அளப்பதற்கும் இந்தப் பட்டியல் வேண்டும்.

இந்தப் பட்டியல்களில் இப்போது நடப்பில் இருப்பது ஐசிஆர்எஃப்3 (மூன்றாம் பன்னாட்டு வானச் சட்டகம்). பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2018 ஆகஸ்டில் வியன்னாவில் ஏற்றுக்கொண்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் 4536 மூலங்கள் (ரேடியோ அலை வரும் பொருள்கள்). அவற்றில் 303 மட்டுமே சட்டக அச்சுகளின் திசையைத் தீர்மானிப்பவை. மிகச் சிறந்த மூலத்துக்கும் 30 மைக்ரோ ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) பிழை உண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். சேலத்திலிருந்து நேர்கோட்டில் 280 கி.மீ. தள்ளி, சென்னையில் கிடக்கும் ஒரு தலைமுடியின் பாதித் தடிமன் அளவு அது.

அந்த அளவில் பார்க்கும்போது குவேசார் புள்ளியாக இருப்பதில்லை. கரு ஒன்று, அதிலிருந்து ஒரு பக்கமாக நீளும் தாரை (ஜெட்), தாரையில் நகரும் கட்டிகள். கட்டி ஒன்று பிரகாசமானால் அளந்த நிலையும் அந்தப் பக்கம் சாயும். அதனால்தான் படம் எடுக்கிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: நீங்கள் எடுக்கப்போகும் படத்திலிருந்து மூலம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று அளக்க முடியாது. பட்டியலில் உள்ள நிலையை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் அது காட்டும். இந்த வித்தியாசம் புரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

தரவும் மென்பொருளும்

ஆண்டெனா எதுவும் வேண்டாம், பிறர் பதிந்த தரவே போதும். அமெரிக்காவின் விஎல்பிஏ என்ற ரேடியோ தொலைநோக்கி அணி, ஹவாய் முதல் கரீபியன் தீவு வரை பரவிய 25 மீட்டர் ஆண்டெனாக்கள் பத்து கொண்டது. மிக நீண்ட பேஸ்லைன் (இரண்டு ஆண்டெனாக்களுக்கு இடையேயான தூரம்) 8611 கி.மீ. 3.6 செ.மீ. அலைநீளத்தை 8000 கி.மீ.யால் வகுத்தால் பிரிதிறன் ஏறத்தாழ 0.9 மில்லி ஆர்க்செகண்ட். ஒப்பிட்டுப் பார்க்க, புனே அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் நீண்ட பேஸ்லைன் 25 கி.மீ.தான், 21 செ.மீ.யில் பிரிதிறன் 2 ஆர்க்செகண்டுக்குச் சற்றுக் குறைவு. அதன் திறமை வேறு வேலைகளில் இருக்கிறது.

அஸ்ட்ரோஜியோ என்ற இணையத் தொகுப்பில் குவேசார்களின் இத்தகைய படங்கள் லட்சத்துக்கு மேல் கிடைக்கின்றன. கோப்பின் பெயரில் 'மேப்' என்றிருந்தால் முடிந்த படம். 'விஸ்' என்றிருந்தால் படமாகாத தரவு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஒவ்வொரு மூலத்துக்கும் எஸ் பட்டை (2.3 கிகாஹெர்ட்ஸ்), எக்ஸ் பட்டை (8 கிகாஹெர்ட்ஸ் பக்கம்) இரண்டையும் ஒரே நாளுக்கு இறக்குங்கள். சாதாரண லேப்டாப் தாங்கும்.

படமாக்கும் மென்பொருள் டிஃப்மேப். லினக்ஸில் ஓடும், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்) போட்டுக்கொள்ளலாம். நிறுவும்போது தகராறு பெரும்பாலும் டிஃப்மேப்பில் இல்லை, வரைபடத்துக்கு அது நம்பியிருக்கும் பிஜிபிளாட்டில்தான். நிரல் திறந்து, வரைபடம் மட்டும் வராவிட்டால், பிஜிபிளாட் இருக்கும் கோப்புறையைச் சூழல் மாறியில் கொடுத்திருக்கிறீர்களா, அதன் எழுத்துருக் கோப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

படமாக்குதல்

அப்சர்வ் கட்டளையால் கோப்பைத் திறந்து, செலக்ட் கட்டளையால் முனைவாக்கத்தைத் (அலை வலமாகவா இடமாகவா சுழல்கிறது என்பதை) தேர்ந்தெடுங்கள். நிலை அளவுக்கான எஸ், எக்ஸ் தரவில் பெரும்பாலும் ஆர்ஆர் (வலச்சுழல்) மட்டுமே இருக்கும். 'ஐ' (இரண்டு சுழலும் சேர்ந்த மொத்தம்) என்று கேட்டால் மறுக்கும். 'ஆர்ஆர்' என்று கேளுங்கள்.

உடனே படத்துக்குத் தாவ வேண்டாம். ராட்பிளாட் வரைபடத்தில் வீச்சு (அலையின் பலம்), பேஸ்லைன் நீளத்தோடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். கோடு கிடைமட்டமாக இருந்தால் மூலம் புள்ளிக்கு நெருக்கம். இறங்கி ஏறினால் இரண்டு கட்டிகள். பிறகு விபிளாட்டில் பேஸ்லைன் பேஸ்லைனாகப் பாருங்கள். ஸ்கேன் தொடங்கும் முதல் சில நொடிகளில் வீச்சு சரிந்திருந்தால் ஆண்டெனா இன்னும் மூலத்தை வந்தடையவில்லை என்று பொருள், வெட்டுங்கள். ஒரே ஆண்டெனா சேர்ந்த எல்லா பேஸ்லைனிலும் கோளாறு என்றால் அந்த ஆண்டெனாவில்தான் குற்றம். எஸ் பட்டையில் திடீரென்று மேலே பாயும் புள்ளிகள் வந்தால் அது பூமியிலிருந்து வரும் இடையூறு; தயவுதாட்சண்யம் வேண்டாம்.

மேப்சைஸ் (படத்தின் அளவு): பட்டொளியின் (ஒரு புள்ளி மூலம் படத்தில் பரவித் தெரியும் திட்டு) அகலத்தில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ ஒரு பிக்சல். எக்ஸ் பட்டைக்கு 512 பிக்சல், 0.2 மில்லி ஆர்க்செகண்ட். எஸ் பட்டைக்கு 0.7 அளவு. டிஃப்மேப் படத்தின் நடுப்பாதியில் மட்டுமே கிளீன் (பிரகாசமான புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாதிரியில் சேர்ப்பது) செய்யும். 102 மில்லி ஆர்க்செகண்ட் அகலப் படத்தில் உங்களுக்கு 51தான் உண்டு. அதற்கு வெளியே தாரை இருந்தால் அதன் பக்கமடல்கள் (கருவி உண்டாக்கும் போலிச் சிற்றலைகள்) உள்ளே வந்து குழப்பும்.

சீரான எடையில் (நீண்ட பேஸ்லைன்களுக்கு முக்கியத்துவம் கூடிய கணக்கில்) தொடங்குங்கள். ஸ்டார்ட்மாட் ஒரு புள்ளி மாதிரியைப் போட்டுக் கட்டத்தை (அலை முன்பின்னாக விலகும் அளவை, ஃபேஸ்) மட்டும் சரிசெய்யும். இங்கே ஒரு பொறி. புள்ளி மாதிரி சமச்சீரானது. அது தரவையும் சமச்சீர் பக்கம் இழுக்கும். உண்மைத் தாரைக்கு நேர் எதிரே பொய்த் தாரை ஒன்று முளைக்கும். எதிர்த்தாரையைப் பார்த்தவுடன் அதைச் சுற்றிப் பெட்டி போட்டுக் கிளீன் செய்தால், பிறகு எத்தனை சுற்று ஓடினாலும் அது போகாது.

ஆகவே முதலில் உச்சியைச் சுற்றி மட்டும் இறுக்கமான பெட்டி. கிளீன் 100 சுற்று, ஈட்டம் (ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கும் பங்கு) 0.03. பிறகு கட்டத்துக்கான செல்ஃப்கால் (மாதிரியை வைத்து ஆண்டெனாப் பிழையைத் திருத்துவது). மறுபடி கிளீன். எச்சப் படத்தில் (மாதிரியைக் கழித்தபின் மிஞ்சியது) ஒரு பக்கம் பலமாகத் தெரிந்தால் அங்கே மட்டும் அடுத்த பெட்டி. அது தாரையா பக்கமடலா என்று சந்தேகமென்றால் எடையை மாற்றிப் பாருங்கள். பக்கமடல் இடம் மாறும், தாரை மாறாது. எச்சத்தில் ஒழுங்கான கோலம் எதுவும் தெரியாமல் போனவுடன் இயல்பு எடைக்கு மாறி, மங்கலான நீட்சியைப் பிடியுங்கள்.

வீச்சுத் திருத்தம் கடைசியில்தான். முதலில் ஜிஸ்கேல், அதாவது முழுப் பதிவுக்கும் ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் ஒரே ஒரு எண். 5 முதல் 10 சதவீதத் திருத்தம் இயல்பு. 30 சதவீதம் கேட்டால் ஆண்டெனாவையோ மாதிரியையோ சந்தேகியுங்கள். பத்து ஆண்டெனாவுக்கு 45 பேஸ்லைன். கட்டத்தில் ஆண்டெனாப் பிழை தொடாத சுதந்திரத் தகவல் 36. ஆண்டெனா நாலாகக் குறைந்தால் ஆறில் மூன்றுதான். ஆண்டெனா குறைவான பதிவில், குறுகிய இடைவெளி வைத்து வீச்சு செல்ஃப்கால் ஓட்டினால், இரைச்சலிலிருந்து அழகான மூலத்தைச் செதுக்கிக் கொடுத்துவிடும். அழகாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

முடிந்ததும் கிளீன் செய்த மொத்தப் பாய்வை (ரேடியோ பிரகாசத்தை), லாஸ் அலமோஸ் – பை டவுன் பேஸ்லைனின் வீச்சோடு ஒப்பிடுங்கள். விஎல்பிஏயில் அதுதான் குட்டி: 236 கி.மீ. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 30 மில்லி ஆர்க்செகண்டுக்கு மேல் பரந்த அமைப்பு எக்ஸ் பட்டையில் இந்தக் கருவிக்கே தெரியாது. அதைத் தேடிப் பயனில்லை.

படத்தின் நடு ஏன் வானத்தின் நிலை அல்ல

செல்ஃப்கால் ஒவ்வொரு ஆண்டெனாவின் கட்டத்தையும் மாதிரிக்கு ஏற்றபடி மாற்றுகிறது. மூலம் முழுவதும் கொஞ்சம் கிழக்கே தள்ளியிருந்தாலும் அதை ஆண்டெனாப் பிழை என்று விழுங்கிவிடும். மூன்று ஆண்டெனா முக்கோணத்தின் மூடு கட்டம் (மூன்று பேஸ்லைன் கட்டங்களின் கூட்டு) வடிவத்தை மட்டுமே காக்கும், இடத்தைக் காக்காது. எனவே உங்கள் படத்தில் பிரகாசமான இடம் நடுவில் வந்து உட்கார்ந்திருப்பது நீங்களே உட்கார வைத்ததுதான்.

உண்மை நிலை, ஆண்டெனாக்களுக்கு அலை வந்துசேரும் தாமதத்திலிருந்து வருகிறது. அல்லது நிலை தெரிந்த பக்கத்து மூலத்துக்கும் இதற்கும் மாறி மாறித் திரும்பிக் கட்டத்தை ஒப்பிடுவதிலிருந்து. இரண்டாவது வழியில் துணை மூலம் 2 பாகைக்குள் இருப்பது நல்லது. காற்றின் தாமதத்தில் 3 செ.மீ. பிழை இருந்தால், 2 பாகை இடைவெளியில் அது 1 மி.மீ.யாகச் சுருங்கும், 8000 கி.மீ. பேஸ்லைனில் 27 மைக்ரோ ஆர்க்செகண்ட். 10 பாகை என்றால் ஐந்து மடங்கு.

கருவைக் கண்டுபிடித்தல்

பிரகாசமானதே கரு என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையில் மிகப் பழைய தவறு. 4சி 39.25 என்ற மூலத்தில் பிரகாசமான கட்டி தாரைக்குள் இருக்கிறது. கரு மேற்கு முனையில் மங்கலாகக் கிடக்கிறது. கட்டி நகர நகர, அளந்த நிலையும் ஆண்டுக்கணக்கில் நகர்ந்தது.

இதற்கு இரண்டு பட்டைகளும் வேண்டும். ஒவ்வொன்றிலும் டிஃப்மேப்பின் மாடல்ஃபிட் கட்டளையால் காஸ் வடிவக் கட்டிகளைப் பொருத்துங்கள். இரண்டு பட்டையிலும் பாய்வு ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், அளவிலும் மிகச் சிறிய கட்டிதான் கரு. எக்ஸில் மங்கி எஸ்ஸில் தடித்திருப்பது தாரை. படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது தாரைக் கட்டியை வைத்துப் பொருத்துங்கள், கருவை வைத்து வேண்டாம். கருவின் இடம் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும்: அதிர்வெண் குறையக் குறையத் தாரை வழியே வெளியே தள்ளித் தெரியும். 2.3க்கும் 8 கிகாஹெர்ட்ஸுக்கும் இடையே இந்த நகர்வு வழக்கமாக அரை மில்லி ஆர்க்செகண்டை ஒட்டி வரும். பட்டியலின் 30 மைக்ரோவோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்கு. காயா செயற்கைக்கோள் ஒளியில் அளந்த நிலைகளும் ரேடியோ நிலைகளிலிருந்து விலகும்போது, பல மூலங்களில் தாரை வழியாகவே விலகுகின்றன.

பிறகு அமைப்புத் தாமதம், அதாவது மூலத்தின் வடிவத்தால் அலையின் வருகை நேரத்தில் கூடும் பிழை. 8000 கி.மீ. பேஸ்லைனில் 1 மில்லி ஆர்க்செகண்ட் என்பது 3.9 செ.மீ., அதாவது 130 பிக்கோசெகண்ட். உங்கள் மாதிரிக் கட்டிகளை வைத்து, பூமியில் சாத்தியமான எல்லா பேஸ்லைன்களுக்கும் தாமதத்தைக் கணக்கிட்டு, நடு மதிப்பை எடுங்கள். அதன் பத்தடிமான மடக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அமைப்புக் குறியீடு. 1 பிக்கோசெகண்டுக்கு 1, 10க்கு 3. மூன்றுக்கு மேல் போன மூலத்தைச் சட்டகத்தின் தூணாக வைக்க மாட்டார்கள்.

ஏற்காட்டில் ஆண்டெனா வைத்தால்

கேட்கிறவர்கள் உண்டு. உயரம் உதவும்: காற்றழுத்தத்தால் வரும் உலர் தாமதம் நேர் உச்சியில் சேலத்தில் ஏறத்தாழ 2.2 மீட்டர், 1500 மீட்டர் உயர ஏற்காட்டில் 1.9 மீட்டர். ஆனால் அது பாரோமீட்டரை வைத்துத் துல்லியமாகக் கழிக்கக்கூடிய பகுதி. தொல்லை நீராவிதான், அது நேரத்துக்கு நேரம் மாறும். பனிமூட்டத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்; கண்ணுக்குத் தெரியும் துளிகள் தரும் தாமதம் சொற்பம். கண்ணுக்குத் தெரியாத ஆவியே பிழை.

அதைவிடப் பெரியது அயனி மண்டலம். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைப் பக்கம் போகிறது. நாம் அதற்கு அருகில். அலை கடக்கும் வழியில் எலக்ட்ரான் அளவு 50 டிஇசி அலகு இருக்கும் பகலில் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 3.8 மீட்டர் தாமதம், 8.4க்கு 29 செ.மீ. இரண்டு பட்டையிலும் ஒன்றாகப் பதிவதே இதைக் கழிக்கத்தான். சூரியன் மறைந்த பின் வரும் மினுமினுப்பு இரண்டு பட்டையாலும் தீராது. அந்த நேரத்துப் பதிவை ஒதுக்க வேண்டியதுதான்.

எதிலிருந்து தொடங்கலாம்

முதலில் ஓஜே 287. கச்சிதமானது, பிரகாசமானது, தவறு செய்தாலும் பொறுக்கும். அடுத்து 4சி 39.25, கருவைத் தேடிப் பழக. 3சி 273 வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் விஎல்பிஏயின் பட்டொளி வடக்கு தெற்காக நீண்டுவிடும். அந்த நீட்சியைத் தாரை என்று நினைக்காதீர்கள். ஏப்ரல் கடைசி இரவுகளில் பத்து மணிவாக்கில் ஏற்காட்டுக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும் எம்87, எஸ் பட்டையில் நீளமான தாரையோடு படாதபாடு படுத்தும். 3சி 84 கடைசியில்.

ஒவ்வொன்றையும் பெட்டிகளை அழித்துவிட்டு, வேறு ஆளைக் கொண்டு, முதலிலிருந்து ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். இரண்டு மாதிரிகளிலும் கருவுக்கும் முதல் கட்டிக்கும் உள்ள தூரம் எவ்வளவு மாறுகிறதோ, அதையே பிழை என்று எழுதுங்கள். மாடல்ஃபிட் அச்சிடும் பிழையைவிட அது பெரும்பாலும் பெரிதாகவே வரும்.