டால்பி விஷனா, எச்டிஆர்10 பிளஸா: காத்திருக்க வேண்டுமா?

மாங்காய் விற்ற பணம் கையில் இருக்கும்போது கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கத்தில் டிவி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. இரண்டுமே எச்டிஆர் வடிவங்கள்; அதாவது திரையில் வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி மெருகேற்றிக் காட்டும் போட்டித் தொழில்நுட்பங்கள். இதற்காக வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வட்டுக் காலத்தில் பொறுத்திருந்தது நியாயம். 2006இல் டிவிடிக்கு அடுத்த தலைமுறை பட வட்டுகளான புளூ-ரேயும் எச்டி டிவிடியும் மோதின. ஒன்றின் வட்டு மற்றதன் பிளேயரில் ஓடாது. 2008 ஜனவரியில் ஹாலிவுட் பட நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியிலேயே எச்டி டிவிடியை முன்னின்று நடத்திய தோஷிபா அதைக் கைவிட்டது. அந்தப் பிளேயரை வாங்கியவர்களுக்குப் புதிய படங்கள் வருவது நின்றுபோனது.

இன்றைய மோதலில் அந்த ஆபத்து இல்லை. சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது. ஆனாலும் அதே படம், எச்டிஆர் டிவிகளுக்கெல்லாம் பொதுவான அடிப்படை வடிவமான எச்டிஆர்10இல் அவற்றில் ஓடும். தோற்கும் பக்கத்தை வாங்கினால் பொருள் முடங்குமா என்று மட்டும் பாருங்கள். முடங்கும் என்றால், படம் வெளியிடும் நிறுவனங்கள் ஒரு பக்கம் சேரும்வரை பொறுங்கள்.

கடையில் ஓடும் விளம்பரக் காட்சியை நம்பாதீர்கள். இரவுக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, கறுப்பு சாம்பல் நிறமாக வெளுக்கிறதா என்று கவனியுங்கள். திரையில் வெளிச்சம் போதாவிட்டால் எந்த முத்திரை இருந்தும் பயனில்லை.