காரைக்குடிக் கடை சர்வரைக் கட்டளை வரியில் கவனிப்பது

வளவு வீட்டுத் தடித்த சுவர்களை வைஃபை தாண்டுவது கஷ்டம்; சர்வருக்குக் கேபிளே இழுத்துவிடுங்கள். பிறகு வேறு கணினியிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க எஸ்எஸ்ஹெச், போர்ட் 22.

உபுண்டு சர்வரில் ஐபி முகவரியை மாற்றும்போது, நெட்வொர்க் மாற்றத்தை உடனே அமலாக்கும் ‘நெட்பிளான் அப்ளை’ (netplan apply) வேண்டாம். ஓர் எண் பிசகினாலும் இணைப்பு அறுந்துவிடும். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பெட்டியிடம் ஓட வேண்டியதுதான். ‘சுடோ நெட்பிளான் டிரை’ (sudo netplan try) கொடுங்கள்; சுடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு. 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும்.

வட்டில் மீதி இடத்தைச் சொல்லும் ‘டிஎஃப் -ஹெச்’ (df -h) இடம் மிச்சம் காட்டியும் கோப்பு எழுத மறுக்கிறதா? ‘டிஎஃப் -ஐ’ (df -i) பாருங்கள். பில் மென்பொருளின் குட்டிக் கோப்புகள் குவிந்து ஐநோட் (கோப்புக்கு ஒன்று வீதம் வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கலாம்.

சித்திரை வெயிலில், வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் ‘சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ’ (sudo smartctl -a /dev/sda) வாரம் ஒருமுறையாவது ஓடட்டும். 194 என்ற வரிசை வெப்பநிலை. 197 பூஜ்யத்திலிருந்து ஏறினால் வட்டில் படிக்க முடியாத பகுதிகள் இருக்கின்றன. அன்றே காப்பு நகல் எடுங்கள்.