ஆல்பியூட்டராலும் சால்பியூட்டமாலும்

அமெரிக்க நர்ஸிங் உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்குப் படித்தபோது மருந்தியலில் மட்டும் மதிப்பெண் ஏறவே இல்லை. இங்கே ஆறு வருடம் வார்டில் என் கையால் கொடுத்த மருந்துகளிலேயே தவறு செய்துகொண்டிருந்தேன்.

முதலில் பக்கவிளைவுகளைத் திரும்ப மனப்பாடம் செய்தேன். அப்புறம் 'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து), 'பிரில்' என்று முடிந்தால் ஏஸ் இன்ஹிபிட்டர் (ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து) என்று பெயரின் வாலை வைத்துப் படித்தேன். பத்து நாள் போனதுதான் மிச்சம்.

ஒரு இரவு தவறிய கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஆஸ்துமா நோயாளிக்கு ஆல்பியூட்டரால். நான் 'கொடுக்கக் கூடாது' என்று குறித்திருந்தேன். கடைசியில் 'ஆல்' என்று வந்ததும் ஆஸ்துமாவுக்கு ஆகாத பீட்டா பிளாக்கர் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது நாம் தினமும் நெபுலைசரில் விடும் சால்பியூட்டமால்! 'டரால்' என்ற வால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளுடையது. அட்டெனோலால், மெட்டோபுரோலால் வகைக்கு நேர் எதிர்.

சரி, குறை பாடத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நம் பெயர், வலப்பக்கம் அமெரிக்கப் பெயர் என்று எழுதினேன். பாராசிட்டமால், அசெட்டமினோஃபென். அட்ரினலின், எபிநெஃப்ரின். பெத்திடின், மெபெரிடின். கிளிபென்கிளமைடு, கிளைபியூரைடு. ரிஃபாம்பிசின், ரிஃபாம்பின். ஐசோபிரினலின், ஐசோபுரோட்டெரினால். இப்படி ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

அடுத்த மாதிரித் தேர்வில் இவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை, பெரிய நிம்மதி. ஹெப்பாரின், இன்சுலின், டிகாக்சின் போன்றவற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர்தான். அவற்றை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.